கதியால் தளிர்த்தால் போதாது, வேர்விட வேண்டும்

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேறியபோது, எங்கள் வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நெருங்கி நின்றன. 2017 இல் காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியபோது வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைக்குள் கிடந்த கிணற்றுக்கட்டை வைத்தே எல்லையை மட்டிட்டோம். அயல்காணிக்காரரில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் கனடாவில்.

நில அளவையாளர் வந்து எல்லைக்கல் போட்டதும், 80 சீமைக்கிளுவைக் கதியால்களை வாங்கித் தை மாதத்தில் நட்டோம். மாசியில் எல்லாம் தளிர்த்தன. வைகாசியில் சோளகம் வீசத் தொடங்க, 50 இற்கு மேல் கருகிப்போயின.

பட்ட கதியால் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு வேர்கூட இல்லை. அயலில் தோட்டம் செய்யும் பெரியவர் சொன்னார்: "தம்பி, தளிரைப் பார்த்து ஏமாந்திட்டாய். வேர் விட்டால்தான் அது கதியால். இல்லாட்டி வெறும் தடி."

அவர் சொன்னது சரி. தடிக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் நீரும் மாப்பொருளுமே முதல் தளிரைத் தள்ளுகின்றன. வேர் இல்லாமல் இலை மட்டும் பெருகினால், வெயிலும் காற்றும் இலைவழியாக நீரை இழுத்துத் தடியை உலர்த்திவிடும். குடாநாட்டில் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரைதான். எங்கள் செம்மண்ணும் அதன் கீழுள்ள சுண்ணக்கல்லும் நீரை விரைவாகக் கீழே விட்டுவிடும். ஆகவே ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். கோடைக்கு முன் வேர்விட அவகாசம் கிடைக்கும்.

மணிக்கட்டுத் தடிப்புள்ள முற்றிய கதியாலைத் தெரிவுசெய்யுங்கள். அடித்து இறக்கினால் பட்டை உரியும். அலவாங்கால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி திறந்து, இறக்கி, மண்ணை இறுக்குங்கள். இடைவெளி இருந்தால் இளவேர் காய்ந்துவிடும்.

கோடையில் நாங்கள் விட்ட பெரிய பிழை, நாளும் ஒரு செம்பு தண்ணீர் தெளித்தது. அது மேல்மண்ணை மட்டுமே நனைக்கும். வேரும் ஈரத்தைத் தேடி மேலே வந்து வெயிலில் வெந்துவிடும். கதியாலைச் சுற்றிப் பாத்தி கட்டி, வாரத்துக்கு ஒருமுறை, மாலையில், ஒரு வாளி தண்ணீரை மெதுவாக விடுங்கள். அரை அடி ஆழத்தில் மண் ஈரமாக இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். கடலோரக் கிணறுகள் கோடையில் உவர்ப்பாகும். அந்தத் தண்ணீர் இளவேருக்கு ஆகாது.

பாத்திக்குள் பொச்சுமட்டையோ காய்ந்த பனையோலையோ பரப்பி ஈரத்தைக் காக்கலாம். தடியில் முட்டவிடாதீர்கள், கறையான் ஏறும். சோளகம் வரும் பக்கத்தில் பழைய கிடுகைச் சாத்துங்கள். இலை வாடினால் பாதியைக் கத்தரித்துவிடுங்கள். வறட்சியில் யூரியா போடக்கூடாது. ஈரமில்லாத மண்ணில் அது வேரைக் கருக்கும். முதல் வருடம் ஆடு கிட்ட வரவும் விடாதீர்கள்.

இலை உதிர்ந்ததும் பட்டுவிட்டதென்று பிடுங்கவேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அசைத்துப் பார்த்தால் இருக்கிற வேரும் அறுந்துவிடும்.

2018 ஐப்பசியில் 60 கதியால்களை மீண்டும் நட்டோம். அடுத்த கோடையில் 9 தான் பட்டன. அந்த இடங்களுக்கும் அடுத்த மாரி வரை காத்திருந்தே நட்டோம்.

கம்பிவேலி உடனே அடைக்கலாம்தான். ஆனால் அதற்குக் காசு வேண்டும், கம்பியில் ஆட்டுக்குக் குழையும் வராது. போன வருடம் கனடாவிலிருந்து அயல்வீட்டு அக்கா தொலைபேசியில் கேட்டார்: "எங்கட காணி எதுவரைக்கும் தம்பி?" வேலியைப் படமெடுத்து அனுப்பினேன். "இந்தப் பச்சைக்கு அங்கால உங்கட காணி, அக்கா" என்றேன்.