கண்ணாடியும் கதிரவன் கிரணமும்

கிணற்றில் குடமோ வாளியோ விழுந்துவிட்டால், முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து, அடியில் வெளிச்சம் பாய்ச்சித் தேடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. எப்படிச் சாய்த்தால் ஒளி எங்கே விழும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிவார்களேயன்றி, அதற்கு ஒரு விதி இருப்பதை அநேகர் அறியார். அவ்விதியைப் பள்ளிப் பிள்ளைகளே அளந்து கண்டுகொள்ளலாம். செலவும் அற்பமே; சங்கத்தார் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு இச்சாமான்களை வாங்கிக் கொடுத்தல் தகும்.

ஒரு சாண் கண்ணாடித் துண்டு, வெள்ளைக் காகிதம், கோணமானி, பாட்டரி விளக்கு, மெல்லிய கீறலிட்ட அட்டை ஆகியவை போதும். காகிதத்தில் ஒரு நேர்கோடு கிழித்து, அதன் நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக மற்றொரு கோடு இழுக்க வேண்டும். முதற்கோட்டின்மேல் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, அறையை இருட்டாக்கி, கீறல் வழியாக ஒளியை விட்டால், ஒரு கிரணம் காகிதத்தின்மேல் ஊர்ந்து சென்று, நடுப்புள்ளியில் பட்டு, மறுபுறம் திரும்பும். இரண்டையும் பென்சிலால் குறித்து, செங்குத்துக்கோட்டிலிருந்து அவை விலகிய அளவைப் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் வந்தது 30 டிகிரியில் போகும். 50 டிகிரியில் வந்தது 50 டிகிரியில் போகும்.

அளவு சிறிது பிசகினால் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் பிழை கண்ணாடி வைத்த விதத்திலேயே இருக்கும். நாம் கடையில் வாங்கும் கண்ணாடியில் ஒளியைத் திருப்புவது பின்புறத்துப் பூச்சாகும். ஆதலால் கோட்டின்மேல் நிற்கவேண்டியது பின்விளிம்பு, முன்விளிம்பு அன்று. விரல் நுனியைக் கண்ணாடியில் வைத்தால் விரலுக்கும் பிம்பத்திற்கும் நடுவே இடைவெளி தெரியும்; அதுவே இதற்குச் சாட்சி. மலையாள நாட்டு ஆறன்முளையில் செய்யப்படும் உலோகக் கண்ணாடியில் இவ்விடைவெளி காணப்படாது. அதில் முகப்பே ஒளியைத் திருப்புகிறது.

பின்னர் விளக்கை அசைக்காமல் கண்ணாடியை மட்டும் 10 டிகிரி திருப்பினால், திரும்பும் கிரணம் 20 டிகிரி நகரும். கிணற்றடியில் பயன்படுவது இதுவே. 30 அடி ஆழத்தில், கை ஒரு டிகிரி அசைந்தாலும் வெளிச்சம் ஏறக்குறைய ஓரடி விலகிவிடும். ஆகவே கண்ணாடியைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தல் நலம். 1830-களில் ஜார்ஜ் எவரெஸ்ட் நடத்திய நில அளவையில், பல மைல் தூரத்து நிலையங்களைக் காட்டக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பியவர்களுக்கும் இந்த நிதானமே வேண்டியிருந்தது.

இவ்வேலைக்கு உச்சி வெயிலைவிடக் காலை வெயில் ஏற்றது. சூரியன் மிக உயர்ந்திருக்கையில், ஒளியைக் கீழே அனுப்பக் கண்ணாடியை ஏறக்குறைய நெட்டுக்குத்தாகப் பிடிக்க நேரிடும். கிரணம் அதன்மேல் சரிந்து படுவதால் திரும்பும் ஒளி குறுகிப்போம். முதலியார்பேட்டையில் சித்திரையில் ஒரு நாளும் ஆவணியில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது கண்ணாடியே வேண்டுவதில்லை. வெயில் தானாகவே கிணற்றடியைத் தொடும்.

கண்ணாடியில் தெரியும் சூரியனும் கண்ணைக் கெடுக்கும். வகுப்பிற்குப் பாட்டரி விளக்கைச் சொன்னது அதன்பொருட்டே. மேலும், கிணற்றடி தெளிவாகத் தெரிவது கொண்டு அங்குள்ள காற்றும் நல்லதென்று எண்ணி எவரையும் இறக்கலாகாது. நச்சுக்காற்றை ஒளி காட்டாது. குடம் இருக்குமிடம் தெரிந்தபின் மேலே நின்றபடியே பாதாளக் கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம்.