தூணில் ஏறிய ஊர்

தங்கை மகள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு போனை நீட்டினாள். மேலே பெரிய பாலம். அடியில் தூணுக்குத் தூண் கீழிருந்து மேல்வரை படங்கள். "இதென்ன மாமா, கோயில் மாதிரி இருக்கு?"

கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் இருக்கும் சிக்கானோ பூங்கா அது. சிக்கானோ என்றால் அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினர். 1848-இல் போரில் தோற்ற மெக்சிகோ, தன் நிலத்தில் ஏறக்குறைய பாதியை அமெரிக்காவிடம் இழந்தது. அங்கே குடியிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே வேற்று நாட்டில் வாழ வேண்டியதாயிற்று. பிழைப்புத் தேடிப் பின்னால் வந்தவர்கள் இன்னும் அதிகம். சிக்கானோ என்ற பெயர் ஒரு காலத்தில் ஏளனச் சொல். 1960-களில் இளைஞர்கள் அதையே பெருமையோடு சூட்டிக்கொண்டார்கள்.

"படம் இருக்கட்டும், முதல்ல தரையைப் பாரு" என்றேன். மண்ணின் கதை தெரியாமல் அந்த ஓவியங்கள் பிடிபடாது.

பூங்கா இருக்கும் லோகன் என்ற குடியிருப்பு கடலை ஒட்டியது. மீன் பதப்படுத்தும் ஆலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் உழைத்தவர்களின் வீடுகள். நகர நிர்வாகம் நிலப் பயன்பாட்டு விதியை மாற்றியது; வீடுகளுக்கு நடுவே பழைய கார்களை உடைக்கும் காயலான் கடைகள் முளைத்தன. 1963-இல் நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்தது. 1969-இல் கொரனாடோ பாலம் திறந்தது. அடுப்பெரிந்த இடங்களில் கான்கிரீட் தூண்கள் நின்றன. மிச்சமிருந்த பாலத்தடி நிலத்தில் பூங்கா வரும் என்று மக்கள் காத்திருந்தார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று வந்தது புல்டோசர். விசாரித்தால், நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்டப்போகிறார்களாம்.

வீடு வீடாகச் சேதி போனது. மாணவர்கள், தாய்மார்கள், முதியவர்கள் எல்லாரும் கைகோத்து இயந்திரத்தை மறித்தார்கள். அதோடு விடவில்லை, மண்வெட்டி எடுத்துவந்து நிலத்தைக் கொத்தி, கள்ளியும் பூச்செடியும் நட்டார்கள். 12 நாள் அசையவில்லை. அரசு இறங்கிவந்தது. போராட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம், செடி நட்டதுதான். அனுமதி கேட்பதற்கு முன்பே அவர்கள் பூங்காவைத் தொடங்கிவிட்டார்கள்.

தூண்களில் ஓவியம் தீட்டலாம் என்ற கனவு, அதே பகுதி ஓவியர் சல்வடோர் டோரஸுடையது. 1973-இல் வேலை தொடங்கியது. கான்கிரீட்டில் நேரே வண்ணம் பூசினால் நிற்காது. ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவி, அடிப்பூச்சு கொடுத்து, சாரம் கட்டி ஏற வேண்டும். ஓர் ஓவியர் தனியாகச் செய்கிற வேலையா அது? அதனால்தான் குழுக்கள். 'டோல்டெகாஸ் என் அஸ்ட்லான்' உள்ளூர்க் குழு. அவர்களோடு அக்கம்பக்கத்தாரும் தூரிகை பிடித்தார்கள்.

சாக்ரமென்டோ நகரிலிருந்தும் ஒரு குழு வந்தது. ஹோசே மோன்டோயா, எஸ்தபான் வில்லா முதலானோர் தொடங்கிய 'ரெபெல் சிக்கானோ ஆர்ட் ஃப்ரன்ட்'. RCAF என்ற அதன் ஆங்கில முதலெழுத்துகளைப் பார்த்தவர்கள் ராயல் கனடா விமானப்படையா என்று கேட்க, இவர்களும் 'ராயல் சிக்கானோ விமானப்படை' என்றே பெயர் மாற்றி, விமானிகள் போல உடுத்தித் திரிந்தார்கள். ஆனால் செய்த வேலையைப் பாருங்கள்: திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்துக்குச் சில்க் ஸ்கிரீன் சுவரொட்டி அச்சடித்தார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட்டார்கள். ஓவியம், ஊர்வேலை என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவே இல்லை.

தூண்களில் அஸ்டெக் தெய்வங்கள், மெக்சிகப் புரட்சியின் சபாட்டா, தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் எல்லாம் உண்டு. என் மனம் நிற்பது 1977-இல் எழுந்த ஓர் ஓவியத்தில். குடியிருப்பு வேண்டும், காயலான் கடை வேண்டாம் என்பதே அதன் பெயர். நகர நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய மனுவைச் சுவரிலேயே எழுதிவிட்டார்கள்!

1990-களில் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பாலத்தைப் பலப்படுத்த வந்தபோது ஓவியங்களுக்கு ஆபத்து வந்தது. மக்கள் மறுபடி திரண்டார்கள். பொறியாளர்கள் ஓவியங்களைக் காப்பாற்றித்தான் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. ஆண்டுதோறும் ஏப்ரலில் அங்கே திருவிழா.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் கவனிக்கவில்லை. போனில் படத்தைப் பெரிதாக்கி, தூணடியில் கள்ளிச்செடி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.