ஜாக்கியை எடைபோடத் தெரியுமா?

'ரேஸ்' என்று காதில் விழுந்தாலே நம் வீடுகளில் முகம் சுளிப்போம். சம்பளக் கவர் வீடு வந்து சேருவதற்குள் கரைந்துபோன கதைகளும், வளையல் அடகுக் கடைக்குப் போன கதைகளும் நம்மில் பலருக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பணம் கட்டுகிறவர் நிழலில் சுகமாக உட்கார்ந்திருக்கிறார். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையின் மேல், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறக்கிறவர் வேறொருவர். அவர்தான் ஜாக்கி. பணம் கட்டுகிறவரைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. குதிரை ஓட்டுகிறவரைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோமே!

"குதிரைதானே ஓடுது? மேலே இருக்கிறவருக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. சென்னை ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமைக்கே முதலிடம் என்று சொன்னது. அந்தத் திறமையில் ஜாக்கியின் திறமையும் அடக்கம். (அதற்காக வீட்டுக்காரர் பணம் கட்டலாம் என்று அர்த்தமில்லை, சகோதரிகளே! அது வேறு, இது வேறு.)

சரி, அந்தத் திறமையை எப்படி அளப்பது? எத்தனை கோப்பை வாங்கினார் என்று எண்ணிவிட்டால் போதுமா?

இடுப்பில் துள்ளாத பிள்ளை

படத்தைக் கவனித்துப் பாருங்கள். ஓடும்போது ஜாக்கி குதிரையின் மேல் உட்காருவதே இல்லை. அங்கவடியில் கால் நுனியை வைத்து, முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, காற்றில் தொங்குகிற மாதிரி நிற்கிறார். குதிரை மேலும் கீழுமாகக் குதித்து ஓட, அவர் உடம்பு மட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகிறது. சுமார் 1900-ம் ஆண்டு வரை இங்கிலாந்தில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டினார்கள். குனிந்து ஓட்டும் முறை வந்த பிறகு பந்தய நேரம் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை குறைந்தது என்று 2009-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது.

காரணத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்த எந்தத் தாய்க்கும் அது தெரியும். ஒட்டிக்கொண்டு சமர்த்தாக இருக்கிற பிள்ளை கனப்பதில்லை. அதே பிள்ளை துள்ளினால் பத்தடி நடப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். எடை என்னவோ அதேதான்! நல்ல ஜாக்கி, குதிரையின் முதுகில் துள்ளாத பிள்ளை. அப்படி இருப்பதற்கு அவருடைய தொடையும் முதுகும் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று சமையலறையில் அரை நிமிடம் அப்படி நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கையிலும் காலத்திலும் இருக்கிற சூட்சுமம்

அமெரிக்காவில் பில் ஷூமேக்கர் என்று ஒருவர் இருந்தார். 1931-ல் குறைமாதத்தில் பிறந்தவர். எடை ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம். ராத்தங்காது என்று கைவிட்ட சிசுவை ஒரு செருப்புப் பெட்டியில் படுக்க வைத்து, சமையல் அடுப்பின் இளஞ்சூட்டில் காப்பாற்றினார்களாம். அந்தக் குழந்தை வளர்ந்து 8,833 பந்தயங்களில் ஜெயித்தது!

உயரம் ஐந்தடிகூட இல்லாத அவரிடம் அப்படி என்ன இருந்தது? கை. கடிவாள வாரை அவர் மிக மென்மையாகப் பிடிப்பார். இழுத்துப் பிடித்தால் குதிரை எதிர்த்து இழுக்கும், அதிலேயே அதன் பலம் வீணாகும். விட்டுப் பிடித்தால் மூச்சை மிச்சம் வைத்துக்கொள்ளும். பிள்ளைகளிடமும் இதே கதைதானே!

அடுத்தது நேரக் கணக்கு. ஆரம்பத்திலேயே விரட்டினால் கடைசி 200 மீட்டரில் குதிரை துவண்டுவிடும். ரொம்பவும் பின்தங்கிவிட்டாலோ எட்டிப் பிடிக்க முடியாது. கடிகாரம் பார்க்காமலே இத்தனை தூரத்துக்கு இத்தனை விநாடி என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த அறையில் இருந்தாலும், பொங்குகிற நேரத்துக்கு நம் கால் தானாக நகருகிறதே, அந்த மாதிரி.

இதில் பெரியவர்களும் சறுக்கியதுண்டு. 1957-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் இதே ஷூமேக்கர், எல்லைக் கம்பம் வந்துவிட்டதாக நினைத்து ஒரு கணம் முன்னதாகவே எழுந்து நின்றுவிட்டார். மூக்கு நுனி அளவில் வெற்றி போயிற்று. ஆனால் அதே குதிரையில் அதே வருஷம் பெல்மான்ட் பந்தயத்தை ஜெயித்தார். 1986-ல், தமது 54-வது வயதில், கென்டக்கி டெர்பியை நான்காம் முறையாக வென்றார். ஒரு நாள் பிசகை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பட்டினி என்னும் பந்தயம்

ஒவ்வொரு குதிரைக்கும் இத்தனை கிலோ சுமை என்று விதி உண்டு. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். எடை குறைந்தால் ஈயத் துண்டு வைத்துச் சரிக்கட்டலாம். கூடினால்? உடம்பைத்தான் வாட்ட வேண்டும்.

நீராவி அறையில் வியர்ப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பேதி மருந்து, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது... இப்படியெல்லாம் செய்த ஜாக்கிகள் ஏராளம். இங்கிலாந்தின் ஃபிரெட் ஆர்ச்சர் 1874 முதல் தொடர்ந்து 13 வருஷம் முதலிடத்தில் இருந்தவர். நல்ல உயரம். அந்த உயரத்துக்கு ஒவ்வாத எடைக்கு உடம்பை வாட்டி வதைத்துக்கொண்டே இருந்தார். 1884-ல் பிரசவத்தை ஒட்டி மனைவி இறந்தாள். பட்டினியும் துக்கமும் சேர, 1886-ல் காய்ச்சலில் கிடந்தபோது தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 29.

உடம்பில் நீர் வற்றினால் தலை சுற்றும், முடிவெடுப்பது தாமதமாகும், கீழே விழும் ஆபத்தும் கூடும். தொடர்ந்து வயிற்றைக் காயப்போட்டால் எலும்பு பலவீனமாகும். ஜாக்கிகளைப் பரிசோதித்த மருத்துவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே மெலிந்திருப்பதைத் திறமை என்று மெச்ச வேண்டாம். வீட்டில் வயதுப் பெண் "எனக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம்மா, வெயிட் போடுது" என்று தட்டை நகர்த்தும்போதும் இது நம் ஞாபகத்தில் இருக்கட்டும்.

யாருக்கு எந்தக் குதிரை?

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நல்ல குதிரை கிடைத்தவர் ஜெயிக்கிறார். ஜெயிக்கிறவருக்கே மறுபடியும் நல்ல குதிரை கிடைக்கிறது. நொண்டிக் குதிரை கிடைத்தவர் எங்கே போய்த் தம் திறமையைக் காட்டுவது?

பெண்களுக்கு வெகுகாலம் எந்தக் குதிரையுமே கிடைக்கவில்லை. அமெரிக்காவில் டயான் க்ரம்ப் 1969-ல்தான் பணப் பந்தயத்தில் இறங்க முடிந்தது. அன்று கூட்டத்தின் நடுவே போலீஸ் காவலோடு அவரை அழைத்துப் போக வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் முதல் பெண்ணாக சார்லட் ப்ரூ 1977-ல் ஓட்டினார். அதில் ஒரு பெண் ஜெயிக்க, அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் வடிவில், 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் சென்னையிலும், குதிரை பழக்கும் குடும்பத்தில் பிறந்த ரூபா சிங் ஜாக்கியாகிப் பல நூறு பந்தயங்களில் ஜெயித்திருக்கிறார்.

"பெண்களுக்கு பலம் போதாது, அதான் ஜெயிக்கலை" என்பார்கள். 2018-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று இங்கிலாந்தின் 14 வருஷப் பந்தயங்களை அலசியது. மொத்த வாய்ப்புகளில் பெண்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கு சுமார் 5 தான். கிடைத்த குதிரையின் தரத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, ஆண் ஜாக்கிக்கும் பெண் ஜாக்கிக்கும் வித்தியாசம் அநேகமாக இல்லவே இல்லை. பாருங்களேன்!

கதைக்காகக் கை தட்டலாமா?

ஆஸ்திரேலியாவின் மிஷெல் பெய்ன் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது தாய் கார் விபத்தில் போய்விட்டார். தகப்பனார்தான் பத்துப் பேரையும் வளர்த்தார். 2004-ல் குதிரையிலிருந்து விழுந்து மண்டை ஓட்டில் முறிவு. ஜாக்கியாக இருந்த ஒரு அக்கா 2007-ல், குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட பிறகு இறந்தார். கேட்டால் கண் கலங்கும்.

2015 நவம்பர் 3-ம் தேதி, மெல்போர்ன் கோப்பை. மிஷெலின் குதிரை பிரின்ஸ் ஆஃப் பென்சன்ஸ், அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டு வந்த குதிரை. ஜெயிக்கும் என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு. ஒன்றுக்கு நூறு என்று பந்தயம் போயிற்று. குதிரையின் சொந்தக்காரர்களிலேயே சிலர் அவரை மாற்றப் பார்த்தார்கள் என்று பிறகு மிஷெலே சொன்னார். 24 குதிரைகள், 3,200 மீட்டர். உள்ளோரத்தில் புறப்பட்டவர் அவசரப்படவில்லை. கூட்டத்துக்குள் பொறுமையாக இருந்து குதிரையின் மூச்சைச் சேமித்தார். கடைசித் திருப்பத்தில் வழி பார்த்து வெளியே வந்து, நேர்ப் பாதையில் முடுக்கினார். அரைக் குதிரை நீளத்தில் வெற்றி! அந்தக் கோப்பையை ஜெயித்த முதல் பெண் அவர்தான். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த அண்ணன் ஸ்டீவிதான் அந்தக் குதிரையைப் பராமரித்தவர்.

2019-ல் இதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள், ஸ்டீவி தாமாகவே நடித்தார். படம் பார்த்தவர்கள் தாயில்லாப் பெண்ணுக்காக அழுதார்கள். அழட்டும், தப்பில்லை. ஆனால் அவர் தாயில்லாப் பெண் என்பதால் ஜெயிக்கவில்லை. 3,200 மீட்டரில் எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்று தெரிந்ததால் ஜெயித்தார். அனுதாபத்தைத் தனியாக வையுங்கள், பாராட்டைத் தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால், உழைத்துக் கற்ற வித்தையைப் பரிதாபத்துக்குக் கிடைத்த பரிசாக்கிவிடுவோம்.

அடுத்த முறை டி.வி.யில் குதிரைகள் ஓடினால் உடனே சேனலை மாற்றிவிடாதீர்கள். முதலில் வந்தவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் எட்டாவதாக வந்தவரையும் பாருங்கள். பன்னிரண்டாவதாக வர வேண்டிய குதிரையை எட்டாவதாகக் கொண்டுவந்து சேர்த்தவராக அவர் இருக்கலாம். அவருக்கு யாரும் மாலை போடப்போவதில்லை. நாமாவது ஒரு கை தட்டுவோம்.