‘என்ன ப்ரோ, பணக் கஷ்டமா?’ - பெரிய பைக்கை வித்துட்டு சின்ன பைக்குக்கு மாறினா என்ன ஆகும்?

என் 350 சிசி பைக்கை வித்துட்டு, ஒரு 125 சிசி பைக்கில் குயிலாப்பாளையம் டீக்கடை முன்னாடி போய் நின்ன முதல் நாள், ஹெல்மெட்டைக் கழட்டுறதுக்குள்ளயே கேள்வி வந்துடுச்சு. “என்ன ப்ரோ, பணக் கஷ்டமா?”

கேட்டவரைத் தப்பு சொல்ல முடியாது. நம்ம ஊர்ல பைக் வாழ்க்கைன்னா ஏணி மாதிரி. காலேஜ்ல அப்பாவோட 100 சிசி, வேலைக்குப் போனதும் 150, இன்க்ரிமென்ட் வந்ததும் 350. மேலே மட்டும்தான் ஏறணும். ஒரு படி இறங்கினா வேலை போயிடுச்சா, கடனா, கல்யாணச் செலவான்னு ஊரே கணக்குப் போடும்.

எனக்கு நடந்தது வேற. குயிலாப்பாளையம் எங்கே இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: ஈ.சி.ஆரிலிருந்து ஆரோவில்லுக்கு ஏறுற ரோட்டில், புதுச்சேரிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிற ஊர். ரோடு குறுகல். தார் முடியுற ஓரத்தில் செம்மண்ணும் பொடிச் சரளையும் கிடக்கும். ஒரு சாயங்காலம் அம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சுட்டு, காய்கறிக்கடை முன்னாடி வண்டியைத் திருப்பினேன். அம்மா புடவையில் ஒருபக்கமா உட்கார்ந்திருந்தாங்க. இடது காலைச் சரளையில் ஊன்றினேன், கால் வழுக்குச்சு, வண்டி சாய்ஞ்சது. பிடிச்சுடலாம்னுதான் நினைச்சேன். பிடிக்க முடியலை. அம்மாவோட இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

வேகம் எவ்வளவுன்னு எல்லாரும் கேட்டாங்க. வேகமே இல்லை. வண்டி நின்னுட்டிருந்தது.

195 கிலோன்னா என்ன அர்த்தம்?

ஷோரூமில் பைக் பார்க்கும்போது சிசி கேட்போம், மைலேஜ் கேட்போம், இ.எம்.ஐ. கேட்போம். எடை எவ்வளவுன்னு கேட்டவங்களை நான் பார்த்ததே இல்லை. நானும் கேட்கலை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் எடை 195 கிலோ. ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. டி.வி.எஸ். ரைடர் 125 கிட்டத்தட்ட 123 கிலோ. எங்க அப்பா ஓட்டுற எக்ஸ்.எல். 100 இருக்கே, அது 90 கிலோவுக்கும் கீழே. அதாவது ஒரு 350-ஐ நிறுத்துற இடத்தில் எடைக்கணக்கில் ரெண்டு எக்ஸ்.எல்.லை நிறுத்தலாம்.

ஓடும்போது இந்த எடை தெரியாது. சக்கரம் சுழல ஆரம்பிச்சுட்டா பைக் தன்னைத்தானே பெரும்பாலும் நிமிர்த்திக்கும். அதனால்தான் டெஸ்ட் டிரைவில் எல்லா பைக்கும் சொகுசா இருக்கு. எடை தெரியுறது பத்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேதான். யூ-டர்ன், பார்க்கிங், டிராஃபிக், மண் ரோடு, பின்னாடி தள்ளுறது. யோசிச்சுப் பாருங்க, நம்ம தினசரி ஓட்டத்தில் பாதி இதுதானே?

ஒரு சின்னக் கணக்கு. பைக்கோட எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்குன்னு வெச்சுக்குவோம். நீங்க பிடிக்கிற ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்தில். 195 கிலோ பைக் 10 டிகிரி சாய்ஞ்சா, அதைத் தாங்க உங்க கை சுமார் 17 கிலோ பலம் கொடுக்கணும். 20 டிகிரின்னா 33 கிலோ. 30 டிகிரின்னா கிட்டத்தட்ட 49 கிலோ. இதே கணக்கு 123 கிலோ பைக்குக்கு 11, 21, 31 கிலோ. தோராயம்தான், ஆனா விஷயம் புரியுதா? சாயச் சாய பாரம் எகிறுது. உங்க கை எந்த எடையில் தோற்குமோ, அந்த எல்லையைப் பெரிய பைக் ரொம்பச் சீக்கிரம் தாண்டிடும். சின்ன பைக்கில் ‘ஐயோ’ன்னு சொல்லி நிமிர்த்த இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

இதில் பின்னாடி 60 கிலோ ஆள் உட்கார்ந்தா 20 டிகிரி சாய்வில் இன்னொரு 20 கிலோ சேரும். அவங்க உட்கார்ந்திருக்கிற உயரம் பைக்கோட எடை மையத்தைவிட அதிகம், அதான் காரணம். ஒருபக்கமா உட்கார்ந்திருந்தா எடை ஏற்கெனவே இடதுபக்கம் தள்ளித்தான் இருக்கும். நான் சாய்ஞ்சதும் இடதுபக்கம்தான். எப்படித் தோத்தேன்னு இந்தக் கணக்கைப் போட்ட அப்புறம்தான் புரிஞ்சுது.

உப்பளத்து வரப்பில் ஒரு பாடம்

அம்மா கையில் கட்டு இருந்த அந்த நாட்களில் ஒரு செய்திக்காக மரக்காணம் போனேன். உப்பளத்துக்குள்ள வண்டியோடவே போயிடலாம்னு ஒரு நினைப்பு. பாத்திகளுக்கு நடுவுல ஓடுற மண் கரையில் கொஞ்ச தூரம் போனதும் வழி ஒடுங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணி. திருப்ப இடமில்லை. பின்னாடி தள்ளலாம்னா மண் இழுக்குது. உச்சி வெயிலில் இன்ச் இன்ச்சா பைக்கைப் பின்னாடி இழுத்துட்டு இருந்தப்போ, எதிரே ஒரு பெரியவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார். முன்னாடி ரெண்டு பிளாஸ்டிக் குடம். என்னைப் பார்த்தார், இறங்கினார், வண்டியோட பின்பக்கத்தை கேரியரைப் பிடிச்சுத் தூக்கி அப்படியே திருப்பி வெச்சார், வந்த வழியே போயிட்டார். எனக்கு வழிவிட்டாராம்!

டி.வி.எஸ். ஃபிஃப்டி 1980-ல் ஓசூரிலிருந்து வந்த வண்டி. இப்போ ஓடுறதெல்லாம் அதோட வாரிசுகள்தான்னாலும் நம்ம பக்கம் இன்னும் பேர் மாறலை. அதை யாரும் ‘பைக்’னுகூட சொல்றதில்லை. ஆனா இந்தக் கடற்கரையில் மீனும் புல்லுக்கட்டும் சிமென்ட் மூட்டையும் அதில்தான் போகுது. இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. 1958-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப் ஒரு குட்டி வண்டி. 2017-ல் அதன் தயாரிப்பு 10 கோடியைத் தாண்டுச்சு. வேற எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இன்னொரு விஷயம். ஜப்பானில் 400 சிசிக்கு மேல ஓட்டணும்னா தனி லைசென்ஸ் வாங்கணும். ஐரோப்பாவில் ஏ1, ஏ2, ஏ-ன்னு பைக் லைசென்ஸையே படிப்படியா பிரிச்சு வெச்சிருக்காங்க. நம்ம நாட்டில் கியர் வண்டி லைசென்ஸ் ஒண்ணு இருந்தா போதும். 100 சிசியில் எட்டு போட்டுக் காட்டிட்டு அடுத்த நாளே 650 எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க. ‘எனக்கு இது அதிகமா?’ங்கிற கேள்வியை நாமதான் நம்மகிட்ட கேட்டுக்கணும்.

சின்ன பைக்னா ஸ்லோவா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். கிளாசிக் 350-ன் பவர் 20.2 பி.எச்.பி. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 4வி 17.3 பி.எச்.பி. சுமார் 145 கிலோ. எடையால் வகுத்துப் பாருங்க, கிலோவுக்குக் கிடைக்கிற பவர் 160-ல்தான் அதிகம். ‘பாதி சிசி, பாதி வேகம்’ங்கிறது சும்மா.

அப்போ 350-ல் கிடைக்கிற அந்த ‘இழுவை’ என்ன? அது டார்க். கிளாசிக்கில் 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்.பி.எம்.லேயே கிடைச்சுடும். அப்பாச்சியில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல, 7,000 ஆர்.பி.எம். தாண்டினாதான். அதனால் சின்ன பைக்குக்கு மாறினா முதல் ரெண்டு வாரம் ‘வண்டியில் உயிரே இல்லை’ன்னு தோணும். வண்டி மேல தப்பில்லை, நாம இன்னும் பழைய வண்டியின் கியர் பழக்கத்திலேயே இருக்கோம். ஒரு கியர் குறைச்சு, இன்ஜினைக் கொஞ்சம் சுத்த விடணும். எனக்கு ஈ.சி.ஆரில் பஸ்ஸை ஓவர்டேக் பண்ற கணக்கு பிடிபட ஒரு மாசம் ஆச்சு. முன்னாடி அஞ்சாவது கியரில் முறுக்கினா போதும். இப்போ எதிரே எவ்வளவு தூரம் காலின்னு ஒழுங்காப் பார்த்துட்டுத்தான் வெளியே வர்றேன். இது நஷ்டமான்னு எனக்குத் தெரியலை.

நிஜமான நஷ்டங்களும் இருக்கு, மறைக்க மாட்டேன். எதிரே லாரி வேகமா கடந்து போனா அந்தக் காத்து இந்த 123 கிலோவை ஒரு தட்டு தட்டும். மரக்காணம் தாண்டி வெட்டவெளியில் கடல் காத்து அடிக்கும்போதும் அப்படித்தான். டயர் மெலிசு, பள்ளம் நேரா முதுகுக்கு வரும். முக்கியமா பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். 125 வரைக்கும் சி.பி.எஸ். இருந்தா போதும்னு விட்டாங்க. சி.பி.எஸ். ஒரு பிரேக்கைப் பிடிச்சா ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கும், ஆனா சக்கரம் பூட்டிக்கிறதைத் தடுக்காது. செம்மண் ரோட்டில் திடீர்னு பிரேக் அடிக்கிறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். வாராவாரம் சென்னைக்கு ஓடுறவரா இருந்தா நான் 125-க்கு வந்திருக்க மாட்டேன், ஏ.பி.எஸ். இருக்கிற ஒரு 160-ல் நின்னிருப்பேன்.

காசுக் கணக்கு

மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறேன். பழைய வண்டி லிட்டருக்கு 35 கொடுத்தது, இது 60-ஐ ஒட்டிக் கொடுக்குது. மாசத்துக்கு 12 லிட்டர் மிச்சம். நாங்க பார்டர்காரங்க, புதுச்சேரி பங்க்கில்தான் போடுவோம், அங்கே விலை கொஞ்சம் குறைவு. அப்படியும் ஆயிரம் ரூபாய்க்கு மேல கையில் நிக்குது. 2022-ல் வந்த கட்டணப்படி தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் 150 சிசி வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதுக்கு மேல 2,804.

விக்கிற விலைதான் வயித்தெரிச்சல். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமா குறைஞ்சது. அதுக்கு மேல 40. புது 350-ன் விலை குறைஞ்சா பழைய 350-க்கு யார் அதே விலை கொடுப்பாங்க? ஆன்லைனில் பழைய ரேட் பார்த்துட்டுக் கனவு காணாதீங்க.

பேப்பர் வேலையில் நம்ம பக்கத்து ஆளுங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. குயிலாப்பாளையத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல இருக்கிறது சில கிலோமீட்டர்தான், ஆனா அது வேற நிர்வாகம். டி.என். நம்பர் வண்டியைப் புதுச்சேரிக்காரருக்கு வித்து அவர் பி.ஒய். நம்பருக்கு மாத்தணும்னா, நம்ம ஆர்.டி.ஓ.விலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கணும். தமிழ்நாட்டுக்குள்ளேயே வித்தா படிவம் 29, 30. லோன் முடிஞ்சிருந்தா பேங்க் கடிதத்தோட படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை எடுத்துடுங்க. வித்த 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுக்க வேண்டியது நம்ம பொறுப்பு. ‘மச்சான், அப்புறம் மாத்திக்கிறேன்’னு சொல்றவர்கிட்ட சாவியைக் கொடுத்துடாதீங்க. பேர் மாறுற வரைக்கும் அந்த வண்டியின் ஃபைன், கேஸ் எல்லாம் உங்களைத் தேடித்தான் வரும். கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைச்ச நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடது இல்லை, உங்களோடது. அதுக்கான சான்றை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கேட்டு வாங்கினா புது பைக்குக்குப் பயன்படுத்தலாம். 50 சதவிகிதம் வரைக்கும் போகும், நிறைய பேர் விட்டுடுறாங்க.

கடலோரத்து ஆட்களுக்கு ஒரு சின்ன போனஸ்: பல 100 சிசி பைக்குகளில் செயின் முழுக்க மூடியிருக்கும். உப்புக் காத்தில் திறந்த செயின் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும்னு ஈ.சி.ஆர். ஓரத்தில் குடியிருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வாங்குறதுக்கு முன்னாடி

டெஸ்ட் டிரைவில் வேகமா ஓட்டிப் பார்க்காதீங்க. யாரைத் தினமும் பின்னாடி உட்கார வைப்பீங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. ஷோரூம் வாசலில் இல்லாம, உங்க தெரு மாதிரி ஒரு இடத்தில் அவங்களோட யூ-டர்ன் அடிங்க. இறங்கிப் பின்னாடி தள்ளிப் பாருங்க. சீட் உயரத்தைப் பார்க்கிறப்போ அகலத்தையும் பாருங்க, அகலமான சீட் காலை விரிச்சு வெக்கும், அதனால் உயரம் கம்மியா இருந்தும் குதிகால் தரையில் படாது.

நான் அம்மாவைக் கூட்டிட்டுத்தான் போனேன். கட்டுப் பிரிச்சு மூணு மாசம் ஆகியும் என் பின்னாடி உட்காரலை, எங்கே போகணும்னாலும் அப்பாவோட எக்ஸ்.எல்.தான். ஷோரூமில் புது வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. சேரி கார்டைத் தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் என்னை ஏறி உட்காரச் சொல்லி, ரெண்டு காலும் தரையில் முழுசாப் படுதான்னு குனிஞ்சு பார்த்தாங்க.

“ம்ம், எடு”ன்னாங்க. திரும்பி வரும்போது காய்கறிக்கடை முன்னாடி மட்டும் இறங்கி நடந்தே வந்தாங்க.