சுமத்ராவுக்கு முன் ரெம்பாவ்

மேற்குச் சுமத்ராவின் பாடாங், புக்கிட்டிங்கி நகரங்களுக்குக் குழுவாகச் செல்வதென முடிவானதும், அங்குள்ள மினாங்கபாவ் மக்களைப் பற்றி ஆளுக்கொன்றாகப் படித்து வரும்படி எங்களிடம் சொல்லப்பட்டது. கோலா சாவா தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு அதற்காக அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களில் பலருடைய முன்னோர் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1773இல் இம்மாநிலத்தின் முதல் யாங் டி பெர்த்துவான் பெசாராகப் பதவியேற்ற ராஜா மெலேவாரும் அங்குள்ள பகாருயோங்கிலிருந்து அழைத்து வரப்பட்டவரே. நாம் கடல் கடந்து பார்க்கப் போகும் பண்பாடு, பால்மரக் காட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கம்பத்தில் எப்போதும் இருந்திருக்கிறது.

அந்தப் பண்பாட்டின் மையம் 'அடாட் பெர்பாத்தே' எனும் தாய்வழி மரபு. இங்கு 12 சுக்குகள் உண்டு. சுக்கு என்பதைக் குலம் எனக் கொள்ளலாம். பாயா கும்போ, தானா டத்தார், பத்து ஹம்பார் ஆகிய சுக்குப் பெயர்கள் மேற்குச் சுமத்ராவின் ஊர், வட்டாரப் பெயர்களே. ஒரே சுக்குக்குள் திருமணம் கூடாது. பங்காளி முறை பார்க்கும் நமக்கு இது உடனே விளங்கிவிடும். ஆனால், பிள்ளைகள் தாயின் சுக்கையே சேர்வர். மணமானபின் கணவன்தான் மனைவி வீட்டுக்குப் போவான். நம்மவர் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று கேலி பேசுவது அங்கே மரியாதையான வழக்கம்!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நிலம். பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. சுக்குக்கு வெளியே எளிதில் விற்க முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, 1909இல், இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ரப்பருக்காகக் காடுகள் அழிக்கப்பட்டுத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்ட காலமும் அதுவே. என் பாட்டி ஆயுள் முழுக்கப் பால்மரம் சீவினார். அவர் குடியிருந்த லயத்து வீடு கடைசிவரை நிர்வாகத்துடையது. வேலை முடிந்ததும் காலி செய்யச் சொன்னார்கள். சில மைல் தொலைவில் அவர் வயதுப் பெண்கள் தங்கள் பெயரில் வயலும் வீடும் வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயரில் உள்ள 'சாவா'வுக்கு வயல் என்றுதான் பொருள்.

இங்கே கண்டதை அப்படியே அங்கு எதிர்பார்க்கவும் கூடாது. சுமத்ராவில் கோத்தோ, பிலியாங், போடி, சனியாகோ என்பவையே மூலச் சுக்குகள். பகாருயோங் அரசு 19ஆம் நூற்றாண்டில் மறைந்துவிட்டது. இங்கோ நான்கு உண்டாங்குகள் கூடி ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்றும் நடக்கிறது. பேச்சில் சிரமமிராது. 'அப்பா' என்பதை 'அப்போ' என்று முடிக்கும் ரெம்பாவ் மலாய் கேட்டுப் பழகிய காதுக்கு மினாங் பேச்சு ஓரளவு பிடிபடும். பாடாங் உணவுக்கடையில் கேட்காமலேயே தட்டுத் தட்டாக மேசையில் அடுக்குவார்கள். பதற வேண்டாம், தொட்டதற்கு மட்டும்தான் காசு.

பாடாங்கில் நமக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. அங்கே குடியேறிய தென்னிந்திய முஸ்லிம்களின் வழிவந்தவர்கள், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக, பள்ளிவாசலிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை வாரி இறைக்கிறார்கள். 'செராக் கூலோ' என்பது விழாவின் பெயர். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறப்பில் நடப்பதால், பயண நாளைக் குறிக்குமுன் இஸ்லாமிய நாள்காட்டியை ஒருமுறை புரட்டுவது நல்லது.