கணினித் திரையின் மாலைகட்டி

சென்ற கோடை விடுமுறையில் கொட்டாரத்திலுள்ள உறவினர் இல்லஞ் சென்றிருந்தேன். மகளின் படிப்புக்கென வாங்கிய கணினியைத் தள்ளிவிட்டுக் கடன்பட்டேனும் புதியதொன்று வாங்க அவர் கருதியிருந்தார். சாளரமொன்றை நகர்த்தினாலும் அஃது ஆமைபோல் ஊர்ந்தது; விசிறியோ ஓயாது இரைந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து நோக்கினோம். டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்பதே பிராசஸரின் உழைப்பிற் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தது.

2007-ஆம் ஆண்டு விண்டோஸ் விஸ்டாவுடன் பொதுமக்கள் கைக்கு வந்த இதன் தொழில் யாதெனின், நம் தோவாளையில் மாலை கட்டுவோர் தொழிலை ஒத்ததே. ஒவ்வொரு நிரலும் தன் சாளரத்தின் படத்தைத் தனித்தனிப் பூவாகத் தருகின்றது. அவற்றை மேல்கீழ் முறையறிந்து தொடுத்து ஒரே திரையாகக் காட்டுவது இதுவே. திரையில் அசைவு உள்ளவரை, நொடிக்கு 60 முறையுங்கூட இம்மாலை புதிதாய்க் கட்டப்பெறும். இவ்வேலையிற் பெரும்பங்கு வரைகலைச் சில்லினுடையது. அச்சில்லுக்குரிய டிரைவர் இல்லையாயின், முழுச் சுமையும் பிராசஸரின் தலைமேல் விழும்.

இங்கும் நேர்ந்தது அதுவே. பழுது பார்த்தவர் விண்டோஸை மீண்டும் நிறுவியபோது டிரைவரை மறந்துவிட்டார். டிவைஸ் மேனேஜரில் சில்லின் பெயருக்குப் பதிலாக ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருந்ததே சான்று. கணினி செய்தோரின் இணையத்தளத்தினின்று டிரைவரைப் பெற்று நிறுவ, இரைச்சல் அடங்கிற்று.

சிலர் இம்மாலைகட்டியையே நிறுத்த முயல்வர். விண்டோஸ் 8 முதல் அஃது இயலாது. வலிந்து முடித்தாலும் திரை ஒருகணம் இருண்டு, அதுவே மீண்டெழும். டிரைவர் செவ்வனே இருந்தும் சுமை குறையாதாயின், அசையும் பின்னணிப் படத்தையும் கண்ணாடிபோல் தோன்றும் அலங்காரங்களையும் நீக்கிப் பார்த்தல் நன்று.

அன்றிரவே அப்பெண் தன் கல்லூரிக் கட்டுரையை அக்கணினியில் எழுதத் தொடங்கினாள்.