ஆடுகிற குதிரையில் சுருதி

2011 அக்டோபர் 30. பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா கச்சேரி. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்கவேண்டியது ரத்தாகிவிட்டதால், அந்தக் குழு இந்தியாவில் முதன்முதலாக வாசித்த மேடை என்ற பெருமை பெங்களூருவுக்கு வந்து சேர்ந்தது. நாலரை ஆண்டுகளுக்கு முன்பு, 2007 மார்ச்சில், இதே மைதானத்தில்தான் அயர்ன் மெய்டனும் வாசித்தது. மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட், அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித் ஆகிய மூவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூவருமே ஃப்ளாய்ட் ரோஸ் என்ற பிரிட்ஜ் பொருத்திய கிதார்களைக் காலங்காலமாக வாசித்து வருபவர்கள். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை அழுத்தினால் தந்திகள் துணி காயும் கொடிபோலத் தொய்ந்து, சுரம் அடிமட்டத்துக்கு இறங்கும். கையை எடுத்தால் மறுகணமே பழைய சுருதிக்குத் திரும்பிவிடும்.

அதைப் பார்த்து மயங்கி அதே மாதிரி ஒரு கிதாரை வாங்கி வந்தவருக்கு முதல் முறை தந்தி மாற்றும் நாளில்தான் விஷயம் புரியும். தடித்த தந்தியைச் சுருதி சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஆறாவது தந்தியை முடித்துத் திரும்பிப் பார்த்தால் முதல் தந்தி இறங்கிப்போயிருக்கும். மறுபடி சேர்த்தால் மற்ற ஐந்தும் கலையும். கிதார் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. உண்மையில் கிதார் பழுதாகவில்லை. அதன் இயல்பே அதுதான்.

வீணையிலும் வயலினிலும் தந்திகளைத் தாங்கும் கட்டையைக் குதிரை என்கிறோம். கிதாரின் பிரிட்ஜும் ஒரு குதிரைதான். சாதாரண கிதாரில் அது பலகையோடு பலகையாக அசையாமல் நிற்கும். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் லியோ ஃபெண்டர் அதை அசையவிட்டார். பின்பக்கம் ஸ்பிரிங்குகளை மாட்டி, முன்பக்கம் ஒரு கம்பியைச் செருகினார். அதற்கு அவர் வைத்த பெயர் ட்ரெமொலோ. ட்ரெமொலோ என்றால் ஒலியளவு கூடிக் குறைவது. சுரம் ஏறி இறங்குவதற்குப் பெயர் வைப்ராட்டோ. வேடிக்கை என்னவென்றால், அவருடைய ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியளவை அலையவைக்கும் வசதிக்கு வைப்ராட்டோ என்று பெயர் வைத்திருந்தார். பெயர்கள் இடம் மாறியது மாறியதுதான். எழுபது ஆண்டுகளாக உலகம் அப்படியே அழைத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியைப் பலமாக அழுத்தி விட்டால் சுருதி கலைந்துவிடும். காரணம் உராய்வு. கழுத்தின் உச்சியில் தந்தி நட் என்ற பள்ளத்தின் வழியாகப் போய் முறுக்காணியில் சுற்றிக்கொள்கிறது. தொய்ந்த தந்தி மீண்டும் இறுகும்போது அந்தப் பள்ளத்தில் ஒரு மயிரிழை சிக்கிக்கொண்டாலும் பழைய இடத்துக்கு வந்து சேராது. 1970களில் இதைக் கவனித்தவர் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர். ராக் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டே நகை செய்யும் தொழிலும் பார்த்தவர். தந்தி நட்டில் நகர்வதுதான் சிக்கல் என்றால் நகரவே விடாமல் பூட்டிவிட்டால் என்ன என்று யோசித்து, பித்தளையில் ஒரு நட்டைத் தானே செய்தார். பிறகு பிரிட்ஜ் முனையிலும் தந்தியைப் பிடித்து இறுக்கும் அமைப்பைச் செய்தார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1979 அக்டோபரில் கிடைத்தது. கிதார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கையில் எடுத்ததும், 1980களின் ராக் இசைக்கே அது அடையாளமாகிப்போனது.

பூட்டியதால் ஒரு புதிய தலைவலி. நட்டைப் பூட்டிவிட்டால் முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. சுருதி கொஞ்சம் விலகினாலும் பூட்டைத் திறந்தாக வேண்டும். அதனால் சில ஆண்டுகளில் பிரிட்ஜிலேயே ஆறு சின்னத் திருகுகள் வந்தன. இந்த ஏற்பாடு வீணைக்காரர்களுக்குப் புதிதல்ல. பிரடை என்ற முறுக்காணியில் சுருதியைத் தோராயமாகச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் நாகபாசத்துக்கு அருகே உள்ள சின்ன உலோக வளையங்களை நகர்த்தி நுணுக்கமாகச் சரிசெய்வது அவர்கள் வழக்கம்.

பூட்டு உராய்வைத்தான் ஒழித்தது. தந்திகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் இடையிலான தராசுக் கணக்கு அப்படியே இருக்கிறது. பிரிட்ஜ் இரண்டு ஆணிகள்மேல் கத்தி முனைபோன்ற விளிம்புகளில் நிற்கிறது. ஒரு பக்கம் தந்திகள் இழுக்கின்றன, மறுபக்கம் கிதாரின் வயிற்றுக்குள் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. 9 எண் தந்தி செட் வழக்கமான சுருதியில் மொத்தமாக ஏறக்குறைய 38 கிலோ இழுவிசை தருகிறது. அதைவிடச் சற்றுத் தடித்த 10 எண் செட் 46 கிலோவைத் தொடும். ஒரு தந்தியை இறுக்கினால் பிரிட்ஜ் துளி முன்னால் சாய்கிறது; மற்ற ஐந்தும் தொய்கின்றன. ‘கொஞ்சம் தடிப்பாகப் போடலாமே’ என்று 9இலிருந்து 10க்கு மாறியவரின் பிரிட்ஜ் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். அவர் திருப்பவேண்டியது முறுக்காணியை அல்ல. கிதாரின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளைத்தான்.

அனுபவப்பட்டவர்கள் செய்யும் முறை இது. தந்திகளை மொத்தமாக அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பூட்டுகளைத் திறக்க 3 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும், தொலைத்துவிட்டால் பெங்களூருவின் எஸ்.பி. ரோடு கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நுண்திருகுகளை நடு அளவில் வைத்துக்கொண்டு, நட் திறந்திருக்கும்போதே முறுக்காணியால் சுருதி சேர்ப்பார்கள். ஒரு சுற்று முடிந்ததும் மறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விலகல் குறையும். நாலைந்து சுற்றில் அடங்கிவிடும். புதுத் தந்தி இளகும் என்பதால் விரலால் இழுத்து இழுத்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். பிறகு கிதாரைப் பக்கவாட்டில் பார்த்து, பிரிட்ஜ் பலகைக்கு இணையாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வால் உயர்ந்திருந்தால் தகட்டுத் திருகுகளைக் கால் சுற்று இறுக்குவார்கள், அமுங்கியிருந்தால் தளர்த்துவார்கள். மீண்டும் ஒரு சுற்று சுருதி. எல்லாம் நிலைத்த பிறகுதான் நட்டைப் பூட்டுவார்கள், அதுவும் அளவாக. பூட்டும்போது எப்படியும் சுருதி சற்று ஏறும். அதைச் சரிக்கட்டத்தான் அந்த நுண்திருகுகள்.

இவ்வளவும் செய்து அலமாரியில் வைத்த கிதார் இரண்டு மாதம் கழித்து வேறு சுருதியில் இருந்தால், அடுத்துப் பார்க்கவேண்டியது ஊரின் வானிலை. கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூருவில் மார்ச் மாதக் காற்று உலர்ந்திருக்கும். ஜூலையில் ஈரம் ஏறிவிடும். ஈரத்தை உறிஞ்சிய மரக்கழுத்து ஒரு நூல் வளைந்தாலும் தந்தியின் இழுவிசை மாறும். குதிரை அசையாத கிதாரில் இதை லேசாகத் திருகிச் சமாளிக்கலாம். இதில் தராசே சாய்ந்துவிடும். மலிவான நகல் பிரிட்ஜ்களில் இன்னொரு தொல்லை: மென்மையான உலோகத்தில் செய்த கத்தி விளிம்புகள் சீக்கிரம் மழுங்கும், பிரிட்ஜ் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் போய் உட்காரும். தந்திகள் இறுகியிருக்கும்போதே தாங்கு ஆணிகளைத் திருகி உயரம் மாற்றினால் நல்ல பிரிட்ஜின் விளிம்புகளும் தேயும்.

விரலாலேயே வரும் சிக்கலும் ஒன்று உண்டு. கிதார் கலைஞர் பிரசன்னாவைப் போலக் கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிதாரில் வாசிக்க விரும்புபவர் கமகத்துக்காகத் தந்தியை வளைத்து இழுத்தாக வேண்டும். மிதக்கும் குதிரையில் ஒரு தந்தியை இழுத்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்றவை இறங்கும். பக்கத்துத் தந்தியில் சட்ஜம் ஒலித்துக்கொண்டிருந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். மேடையில் ஒரு தந்தி அறுந்தால் அதற்கு நேர்மாறு: இழுவிசை குறைந்து ஸ்பிரிங்குகள் வெல்ல, மிச்ச ஐந்தும் சேர்ந்து ஏறிவிடும். பெரிய குழுக்களில் திரைமறைவில் ஒருவர் சுருதி சேர்த்த இன்னொரு கிதாரோடு தயாராக நிற்பது இதற்காகவும்தான்.

அப்படி ஆள் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் எட்டி வான் ஹேலன் வழியைப் பின்பற்றலாம். அவர் பிரிட்ஜை மிதக்கவிடாமல் பலகைமீது படிய வைத்திருந்தார். கம்பியை அழுத்திச் சுரத்தை இறக்கலாம், மேலே ஏற்ற முடியாது. தந்தி அறுந்தாலும் மற்றவை நின்ற இடத்தில் நிற்கும். கம்பியே வேண்டாம் என்று முடிவுசெய்தவர்கள் இன்னும் ஒரு படி போய், தச்சரிடம் விரற்கடை அளவு மரத்துண்டுகளை வெட்டி வாங்கி, ஸ்பிரிங் அறைக்குள் பிரிட்ஜ் இரு பக்கமும் அசையாதபடி செருகிவிடுகிறார்கள். கழற்றிய கம்பி ஆலன் கீயோடு சேர்ந்து கிதார் பெட்டியின் மூலையில் கிடக்கும்.